138 கிலோ... ஒரு கையெழுத்து!

ஷேர் ஆட்டோவுல நீங்க எப்பவாவது ரெண்டு பேருக்கு காசு குடுத்திருக்கீங்களா? நான் குடுத்திருக்கேன். தினமும்!

மேலூர்ல இருந்து பஸ்ல வந்து மாட்டுத்தாவணியில இறங்கி, கோரிப்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறுவேன். பின் சீட்டுல நான் உட்கார்ந்தா, பக்கத்துல இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம். டிரைவர் அண்ணன் கண்ணாடியில என்னைப் பார்ப்பாரு. "தம்பி, தப்பா எடுத்துக்காத. ரெண்டு டிக்கெட்டா குடுத்துரு!" தப்பா எடுத்துக்க என்ன இருக்கு? கணக்கு கரெக்ட்தானே! ஆட்டோவே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். குண்டா இருக்கிறவங்க சின்ன வயசுலயே கத்துக்கிற வித்தை அது. மத்தவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நாம சிரிச்சிரணும்.

அது 2022. அப்போ எனக்கு 17 வயசு, 168 சென்டிமீட்டர் உயரம், 138 கிலோ எடை. எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா (உயரம் மீட்டர்ல இருக்கணும்) வர்ற நம்பருக்குப் பேரு பி.எம்.ஐ. நம்ம நாட்டுப் பெரியவங்களுக்கு அது 23 வந்தாலே அதிக எடை, 25 வந்தா உடல் பருமன்னு டாக்டர்கள் சொல்றாங்க. எனக்கு 49!

இன்னிக்கு என் எடை 98. நடுவுல நடந்தது ஒரு ஆபரேஷன். 'வயித்தை வெட்டி ஒல்லியாக்குறாங்களாமே?'ன்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே, அதேதான். அதைப் பத்தி என்கிட்ட ரகசியமா விசாரிக்கிற பசங்க, பொண்ணுங்க நிறைய பேர். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிடுறேன்.

'வாயைக் கட்டு!'

எங்க அப்பாவுக்கு மேலூர்ல பலசரக்குக் கடை. கடலை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்துல வளர்ந்தவன் நான். அதனால எல்லாரும் கேஸை ஈஸியா முடிச்சிருவாங்க. 'கடைக்காரர் மகன். தின்னே பெருத்துட்டான்!'

என் தம்பியும் அதே ஜாடிக்குப் பக்கத்துலதான் வளர்ந்தான். அவன் எடை 52 கிலோ. அதை யாரும் யோசிக்கலை. நான்கூட.

நான் முயற்சி பண்ணாம இல்லை பாஸ். கொள்ளு ரசம், வெள்ளைப் பூசணிச் சாறு, கம்பங்கூழ், ஜிம், '10 நாளில் 10 கிலோ' பவுடர்... எல்லாம் பார்த்தாச்சு. பத்தாவது லீவுல வெறியா இருந்து 11 கிலோ குறைச்சேன். தெருவே கை தட்டுச்சு. அடுத்த வருஷம் 15 கிலோ ஏறிடுச்சு. தெருவே தலையில அடிச்சுக்கிச்சு. 'வாயைக் கட்டத் தெரியலையே இவனுக்கு!'

இதுக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்குன்னு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது. பசியைத் தூண்டுற ஹார்மோன் ஒண்ணு நம்ம இரைப்பையில சுரக்குது. பேரு கிரெலின். 1999-ல ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சது. 2011-ல ஆஸ்திரேலியாவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. 50 பேரை 10 வாரம் கடுமையான டயட்ல வச்சு எடையைக் குறைச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, அந்தப் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. முன்னை விட அதிகமாப் பசிச்சிட்டே இருந்துச்சு. உடம்புக்கு 'இவன் ஆரோக்கியமாகுறான்'னு தெரியாது. 'பஞ்சம் வந்துருச்சு'ன்னுதான் நினைக்கும். விட்டதைப் பிடிக்கப் பார்க்கும். அந்த 15 கிலோ அப்படி வந்ததுதான்.

இது நான் ஒருத்தன் கதை இல்லை. 1990-ல இந்தியாவுல 5-ல இருந்து 19 வயசுக்குள்ள உடல் பருமனா இருந்த பிள்ளைங்க சுமார் 4 லட்சம். 2022-ல அது 1 கோடியே 25 லட்சம். 2024-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல வந்த கணக்கு. ஒரே தலைமுறையில இத்தனை பேருக்குத் திடீர்னு மன உறுதி குறைஞ்சு போச்சுன்னா சொல்றீங்க? சாப்பாடு மாறிச்சு, விளையாட்டு மைதானம் போச்சு, தூக்கம் போச்சு. அதுல சில உடம்புங்க மத்ததை விட வேகமா எடை போடுது. எங்க வீட்டுல அது என் உடம்பு.

அம்மாவை வெளியே அனுப்பிய டாக்டர்

என் கழுத்துக்குப் பின்னாடி கறுப்பா, வெல்வெட் துணி மாதிரி ஒரு படை இருக்கும். அழுக்குன்னு நினைச்சு அம்மா பயத்த மாவு போட்டுத் தேய்ப்பாங்க. தோல் எரியுமே தவிர, கறுப்பு போகாது. ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சு காய்ச்சலுக்குப் போன இடத்துல ஒரு டாக்டரம்மா அதைப் பார்த்தாங்க. "இது அழுக்கு இல்லம்மா. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னு அர்த்தம். ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க."

பண்ணோம். சர்க்கரை எல்லையில நிக்குது. ஈரல்ல கொழுப்பு. 17 வயசுல!

அவங்க எழுதிக் குடுத்த சீட்டோட மதுரையில எடைக்குறைப்பு ஆபரேஷன் பண்ற ஒரு டாக்டர்கிட்ட போனோம். அம்மா உள்ளே நுழைஞ்சதுமே அழ ஆரம்பிச்சிட்டாங்க. "எப்படியாச்சும் ஆபரேஷன் பண்ணிருங்க சார். ஊரு வாயில இவன் விழுகுறதைப் பார்க்க முடியலை."

அவரு பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அம்மா, அப்பா ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க"ன்னாரு. கதவைச் சாத்திட்டு என்கிட்ட ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, இது யாரு ஆசை?"

"அம்மா அழறாங்க சார். அதான்..."

"அம்மாவுக்காக உனக்கு ஆபரேஷன் பண்ண முடியாதுப்பா. ஆபரேஷனுக்கு அப்புறம் உயிரு இருக்கிற வரைக்கும் மாத்திரை சாப்பிடணும். அதை அம்மா முழுங்க மாட்டாங்க. நீதான் முழுங்கணும். போய்ட்டு, உனக்கே தோணும்போது வா."

எனக்குச் செம கோபம்! இவ்வளவு தூரம் வந்தவனைத் திருப்பி அனுப்புறாரேன்னு. இப்போ நினைச்சா, அவரு எனக்குப் பண்ணின முதல் வைத்தியமே அதுதான்.

வெறும் கையோட அனுப்பலை. தைராய்டு, ஹார்மோன், எலும்பு வளர்ச்சி எல்லாத்துக்கும் டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு. சாப்பாட்டு ஆலோசகர் ஒருத்தரையும், மனநல ஆலோசகர் ஒருத்தரையும் மாசா மாசம் பார்க்கச் சொன்னாரு. 'எனக்கென்ன பைத்தியமா?'ன்னு நினைச்சுட்டுத்தான் போனேன். அங்கேதான், வாழ்க்கையில முதல் தடவையா, சிரிக்காம என் உடம்பைப் பத்திப் பேசினேன்.

மணிக்கு 42 தடவை

காலேஜ் சேர்ந்தேன். பி.காம். முதல் பெஞ்ச்ல உட்கார்ந்தாலும் தூங்கிருவேன். குறட்டை வேற! சார் சாக்பீஸ் எறிவாரு, கிளாஸே கொல்லுனு சிரிக்கும், நான் எழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு, அஞ்சு நிமிஷத்துல மறுபடி தூங்கிருவேன். சோம்பேறின்னு பேரு.

ஆகஸ்ட் மாசம் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. உடம்பு பூரா ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி தூங்க விட்டாங்க. ரிப்போர்ட்ல என்ன தெரியுமா? தூங்கும்போது மணிக்கு 42 தடவை என் மூச்சு தடைப்படுது! கழுத்துச் சதை மூச்சுக் குழாயை அமுக்க, மூச்சு நின்னு, மூளை பதறி எழுப்பி, மறுபடி தூங்கி, மறுபடி நின்னு... ராத்திரி பூரா நான் தூங்கவே இல்லை. செத்துச் செத்துப் பிழைச்சிட்டு இருந்திருக்கேன். சோம்பேறித்தனம்னு பத்து வருஷமா வாங்கின திட்டெல்லாம் சும்மா!

ராத்திரியில மூக்குல மாட்டிக்கிற மூச்சு மெஷின் குடுத்தாங்க. மூணாவது நாள் காலையில எழுந்திரிச்சேன் பாருங்க... அந்த மாதிரி ஒரு காலையை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. தலை பாரம் இல்லை. பஸ்ல தூங்கலை. ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலையை முழுசாப் பார்த்தேன். தினம் கடந்து போற மலைதான். ஆனா, அந்த இடத்துல நான் முழிச்சிருந்ததே இல்லை!

அன்னிக்குத்தான் எனக்கு ஆசை வந்துச்சு. ஒல்லியாகணும்னு இல்லை, ஃபிகர் மடிக்கணும்னு இல்லை. எனக்கு முழிச்சிருக்கணும். மெஷின் இல்லாம, என் வாழ்க்கையில நான் முழிச்சிருக்கணும்.

டாக்டர்கிட்ட போய் அதைச் சொன்னேன். "இப்போ பேசலாம்"னாரு.

18 வரைக்கும் காத்திரு!

அடுத்த சிக்கல் பணம். அப்பாகிட்ட பல வருஷமா கட்டிட்டு வர்ற ஹெல்த் பாலிசி இருந்துச்சு. அதைப் புரட்டினா ஒரு விதி. இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல எல்லா கம்பெனிக்கும் பொதுவா வகுத்த வாசகம் அது. உடல் பருமன் ஆபரேஷனுக்குப் பாலிசியில பணம் கிடைக்கணும்னா, டாக்டர் சொல்லியிருக்கணும். வயசு 18 ஆகியிருக்கணும். பி.எம்.ஐ. 40 இருக்கணும். இல்லைன்னா, 35-ஓட இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, அடங்காத சர்க்கரை மாதிரி ஒரு பெரிய பிரச்னை இருந்து, மத்த வழியெல்லாம் பார்த்தும் சரிப்படாம இருக்கணும்.

எனக்கு 18 ஆக நாலு மாசம் பாக்கி. மெஷின் உதவியோட காத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. காத்திருந்தேன்.

ஆனா, 15 வயசுல சர்க்கரையும் மூச்சடைப்பும் முத்திப்போன பிள்ளைக்கு மூணு வருஷம் காத்திருக்கிறது லேசான காரியம் இல்லை. அந்த வீட்டுல அப்பா கைக்காசு போடணும், இல்லைன்னா கடன் வாங்கணும். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2023 ஜனவரியில வெளியிட்ட வழிகாட்டுதல்ல, 13 வயசு தாண்டின, கடுமையான உடல் பருமன் இருக்கிற பிள்ளைங்களை இந்த ஆபரேஷனுக்குப் பரிசீலிக்க அனுப்பலாம்னு சொல்லியிருக்காங்க. கடுமையானதுன்னா, பி.எம்.ஐ. 40. இல்லைன்னா, 35-ஓட ஒரு பெரிய வியாதி. என் உயரத்துக்குக் கணக்குப் போட்டா, 113 கிலோ, இல்லைன்னா வியாதியோட 99 கிலோ. நல்லா கவனிங்க. பத்து கிலோ தொப்பைக்கு இது வைத்தியம் இல்லை!

டிசம்பர்ல எனக்கு 18 ஆச்சு. ஜனவரியில அந்தப் படிவத்தை என் முன்னாடி வச்சாங்க. தையல் போட்ட இடத்துல கசியலாம், ரத்தம் போகலாம், காலுல ரத்தம் உறையலாம், அரிதா உயிருக்கே ஆபத்து வரலாம், வெட்டின இரைப்பையைத் திரும்ப ஒட்ட முடியாது... எல்லாம் தமிழ்ல இருந்துச்சு. டாக்டர் சத்தமா வாசிக்கச் சொன்னாரு. குரல் நடுங்க நடுங்க வாசிச்சு முடிச்சுட்டு, கையெழுத்துப் போட்டேன்.

ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து என் ரேங்க் கார்டுல எல்லாம் கையெழுத்துப் போட்டது எங்க அப்பாதான். பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு, "நான் எங்க சார் போடணும்?"னு கேட்டாரு.

"சாட்சி எடத்துல போடுங்க ஐயா."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தாரு. ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடியே நான் பெரிய மனுஷன் ஆன நாள் அது!

பொங்கலுக்குக் கஞ்சி

ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே திரவ உணவுதான். வீங்கிப் போன ஈரல் சுருங்கினாத்தான் டாக்டருக்கு இரைப்பை தெரியுமாம். அந்த ரெண்டு வாரம் எப்போ வந்துச்சு தெரியுமா? பொங்கலுக்கு! டி.வி.யில அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு காளை பாயுது. அடுப்புல சர்க்கரைப் பொங்கல் பொங்குது. நான் புரோட்டீன் பவுடர் கரைச்ச டம்ளரைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். எங்க அப்பத்தா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "நல்ல நாளும் அதுவுமா புள்ளையப் பட்டினி போடுறாய்ங்களே!"ன்னு டாக்டரைத் திட்டித் தீர்த்தாங்க.

ஜனவரி கடைசியில ஆபரேஷன். எனக்குப் பண்ணினது 'ஸ்லீவ்'. வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமராவும் கருவியும் விட்டு, இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துருவாங்க. மிச்சம் இருக்கிறது ஒரு வாழைப்பழம் மாதிரி நீளமா, ஒல்லியா இருக்கும். கிரெலின் அதிகமாச் சுரக்கிற பகுதியும் வெட்டின பாகத்தோட போயிரும். அதனால இடமும் குறையுது, பசியும் அடங்குது. 'பைபாஸ்'னு இன்னொரு முறை இருக்கு. அதுல இரைப்பையைச் சின்னப் பையாப் பிரிச்சு, குடலை மாத்தி இணைப்பாங்க. யாருக்கு எதுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற அழகு சிகிச்சை இல்லை. நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. இதுல கொழுப்பைத் தொடவே மாட்டாங்க. பசியோட கணக்கைத்தான் மாத்துறாங்க.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க! முதல்ல தண்ணி, இளநீர், வடிகட்டின சூப்... அதுவும் மருந்து ஊத்திக் குடிக்கிற குட்டி மூடியில, ஒரு மூடியை கால் மணி நேரம் வச்சு. அப்புறம் மோர், பருப்புத் தண்ணி. அப்புறம் மசிச்ச இட்லி. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர மாசக்கணக்கு ஆச்சு. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. முதல்ல முட்டை, மீன், சுண்டல். இடம் இருந்தாத்தான் சோறு.

நாலாவது மாசம் முடி கொட்டுச்சு. சீப்பு நிறைய! எடை வேகமாக் குறைஞ்சா அப்படி ஆகும், திரும்ப வளரும்னாங்க. வளர்ந்துச்சு. தோல் மட்டும் தொங்கிப் போச்சு. கிணத்துல குளிக்கும்போது நான் இன்னும் டி-ஷர்ட்டைக் கழட்டுறதில்லை.

யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. சாப்பாடு ஒரு சிநேகிதன் மாதிரி இருந்திருக்கு எனக்கு. அவனை இழந்துட்டேன். நம்ம ஊர்ல பாசத்தையே இலையிலதானே பரிமாறுவாங்க! அந்த வருஷம் மேலூர்ல சொந்தக்காரங்க வீட்டு காது குத்துக்குப் போனேன். கறி விருந்து. ரெண்டு துண்டு கறியோட எனக்கு நிறைஞ்சு போச்சு. பரிமாற வந்த மாமா, "என்ன மாப்ள, நம்ம வீட்டுச் சோறு பிடிக்கலையா?"ன்னாரு. மண்டபத்துக்குப் பின்னாடி போய் அழுதேன். பசியில இல்லை. ஆசையா இருக்கு, உடம்பு வேணாங்குது... அந்தத் தவிப்புல. 'இதுக்குத்தான் ஆலோசகர்'னு அன்னிக்குப் புரிஞ்சுது. ஸ்வீடன்ல இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பிள்ளைங்களை அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தவங்க 2020-ல சொன்னதும் அதுதான். எடை இறங்கினாலும் மனசுல இருக்கிற பிரச்னை தானா இறங்காது. அதுக்குத் தனியா வைத்தியம் வேணும்.

எதிர்சேவையில் விழுந்தேன்

ஒன்றரை வருஷத்துல 91 கிலோ வரைக்கும் இறங்கினேன். அந்த மிதப்புல ஒரு பெரிய தப்பும் பண்ணினேன்.

2023 கடைசியில மாத்திரையை நிறுத்திட்டேன். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின்... டப்பாவைக் காலேஜ்ல திறந்தா, 'என்னடா, தாத்தா மாதிரி?'ன்னு கேக்குறாய்ங்க. நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரைன்னு விட்டேன். வீட்டுல கேட்டா, 'போட்டுட்டேன்'னு பொய்.

2024 சித்திரைத் திருவிழா. மூன்றுமாவடியில அழகருக்கு எதிர்சேவை. வாழ்க்கையிலயே முதல் தடவையா அந்தக் கூட்டத்துல இடிபட்டுப் போக முடியுதேன்னு ஒரே குஷி. கொஞ்ச நாளாவே பாதம் மரத்துப் போற மாதிரி இருந்துச்சு, படி ஏறினா மூச்சு வாங்குச்சு. கண்டுக்கலை. வெயில்ல நின்னவன், கண்ணு இருட்டி அப்படியே சரிஞ்சிட்டேன். யாரோ தூக்கிட்டுப் போய் நீர்மோர்ப் பந்தல்ல படுக்க வச்சாங்க.

ரத்தம் பார்த்தா, ஹீமோகுளோபின் 8. பி12 தரை தட்டிக் கிடக்கு. இரைப்பை சின்னதானதும் இரும்பும் பி12-ம் உடம்புல சேர்றது குறைஞ்சிரும். அதுக்குத்தான் அந்த மாத்திரை. பி12 ரொம்ப நாள் குறைஞ்சே கிடந்தா நரம்புச் சேதம் நிரந்தரமாயிடலாம். டாக்டர் திட்டலை. ஊசி போட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "அந்தக் கையெழுத்து யாரோடது தம்பி?" அதுக்குத் திட்டே வாங்கியிருக்கலாம்!

அதே வாரம் டி.வி.யில ஒரு செய்தி. சென்னையில ஒரு தனியார் மருத்துவமனையில எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருத்தர் இறந்துட்டாரு. அரசு விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு. அம்மா ராத்திரி பூரா என் கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. நான் கையெழுத்துப் போடும்போது 'அரிதா'ன்னு வாசிச்சுட்டுக் கடந்து போன வார்த்தைக்குள்ள ஒரு வீடு, ஒரு அம்மா இருக்காங்கன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

கணக்குப் பார்க்கலாமா?

அமெரிக்காவுல 242 டீன் ஏஜ் பிள்ளைங்களை ஆபரேஷனுக்கு அப்புறம் தொடர்ந்து கவனிச்சு, மூணு வருஷக் கணக்கை 2016-ல வெளியிட்டாங்க. சராசரியா 27 சதவிகித எடை குறைஞ்சிருந்துச்சு. சர்க்கரை நோய் இருந்தவங்கள்ல 95 சதவிகிதம் பேருக்கு அது அடங்கியிருந்துச்சு. ரத்த அழுத்தம் இருந்தவங்கள்ல 74 சதவிகிதம் பேருக்குச் சரியாகியிருந்துச்சு. இது வரவு. செலவு? 57 சதவிகிதம் பேருக்கு உடம்புல இரும்புச் சேமிப்பு குறைஞ்சு போச்சு. 13 சதவிகிதம் பேருக்கு வயித்துல மறுபடியும் ஒரு ஆபரேஷனோ சிகிச்சையோ தேவைப்பட்டுச்சு. 2024-ல பத்து வருஷக் கணக்கும் வந்துச்சு. பி.எம்.ஐ. சராசரியா 20 சதவிகிதம் குறைஞ்ச நிலையிலேயே நின்னுச்சு. கொஞ்சம் ஏறும், ஆனா பழைய இடத்துக்குப் போறதில்லை.

எனக்கும் அப்படித்தான். 91 ஆனது இப்போ 98. பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 35. கணக்குப்படி நான் இன்னும் குண்டுதான்! ஆனா, சர்க்கரை நார்மல். மூச்சுத் தடை மணிக்கு 42-ல இருந்து 6. மெஷினைத் திருப்பிக் குடுத்தாச்சு. போன வருஷம் டிகிரி முடிச்சேன். கடைசி செமஸ்டர்ல ஒரு கிளாஸ்லகூட தூங்கலை!

ஊசி பத்தியும் கேக்குறாய்ங்க. ஆமா, செமாக்ளூடைடுன்னு ஒரு மருந்தை 12 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு 2022 டிசம்பர்ல அமெரிக்கா அனுமதிச்சுது. 2025-ல மவுன்ஜாரோ, வீகோவின்னு இந்த வகை ஊசிகள் நம்ம ஊருக்கும் வந்துச்சு. சிலருக்குக் கத்தியே தேவைப்படாம அது உதவலாம். ஆனா, நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்ப ஏறுது. டாக்டர் இல்லாம ஃப்ரெண்டோட ஊசியைப் போட்டுக்கிற வேலை வேணாம், ப்ளீஸ்!

கடைசியா, உங்ககிட்ட...

நீங்க என்னை மாதிரி இருந்தா, முதல்ல கண்ணாடியைத் திட்டுறதை நிறுத்துங்க. கழுத்துக் கறுப்பு, குறட்டை, பகல் தூக்கம்... இதுல எது இருந்தாலும் ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆபரேஷன்னு பேச்சு வந்தா, மூணு கேள்வி கேளுங்க. 'அவசரம்னா தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கா? உணவு, மனநல ஆலோசகர் டீம்ல இருக்காங்களா? அஞ்சு வருஷம் கழிச்சும் என்னைக் கூப்பிட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணுவீங்களா?' 'கம்மி ரேட்டு, நாளைக்கே அட்மிட்'னு சொன்னா, எழுந்து வந்துருங்க. நாலாவது கேள்வி உங்களுக்கே. 'இது யாரு ஆசை?' அம்மா, அக்கா, தெரு, கல்யாண மார்க்கெட்... இதுல எது பதிலா வந்தாலும் கொஞ்சம் பொறுங்க.

உங்க கிளாஸ்ல என்னை மாதிரி ஒருத்தன் இருந்தா, அவன் சிரிக்கிறானேன்னு நீங்களும் சிரிக்காதீங்க. மத்தியானம் அவன் தூங்கினா சாக்பீஸ் எறியாதீங்க. ராத்திரி அவன் மணிக்கு எத்தனை தடவை முழிச்சிருப்பானோ, யாருக்குத் தெரியும்?

ஷேர் ஆட்டோவா? இப்பவும் போறேன். போன வாரம் பழைய டிரைவர் அண்ணன் மாட்டிக்கிட்டாரு. அடையாளமே தெரியலை அவருக்கு. நானே சொன்னேன். கண்ணாடியில ஏற இறங்கப் பார்த்துட்டு, "அட! நம்ம ரெண்டு டிக்கெட்டா?"ன்னாரு.

"இப்போ ஒண்ணேகால் டிக்கெட்ணே!"

ஆட்டோவே சிரிச்சுது. இந்தத் தடவை நான் நிஜமாவே சிரிச்சேன். இறங்கும்போது பைக்குள்ள கையை விட்டுப் பார்த்துக்கிட்டேன். மாத்திரை டப்பா இருக்கு.